ஊருணிக்கு முன்னால் வரத்துக்கால்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இன்று காலை இளவட்டங்கள் மண்வெட்டியோடு இறங்கியிருந்தார்கள். ஊருணிக்குள் அல்ல, அதற்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில்.

அங்கேயே பாதி ஜெயிச்சாச்சு.

பொட்டலில் விழும் மழை வந்து சேர வழியில்லாமல் ஊருணியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வீண்தான்.

வரத்துக்காலில் முளைத்திருக்கும் சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். சுற்றிலும் குழி பறித்து வேர்க்கட்டையோடு பெயர்க்கணும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும், வேலை சுலபம். முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும், ஜாக்கிரதை.

தூர் வாருவதில்தான் ஆர்வக்கோளாறு அதிகம். மேலே இருப்பது வண்டல், அதை எடுக்கலாம். அடியில் இறுகிக் கிடக்கும் களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. ஜேசிபி அதையும் பெயர்த்துச் சரளையைத் தொட்டுவிட்டால் பெய்த மழையெல்லாம் கீழே இறங்கிவிடும். இந்த லட்சணத்தில் 'ஆழப்படுத்தினோம்' என்று போட்டோ வேறு!

எடுத்த மண்ணைக் கரையோரம் குவிக்கக் கூடாது. அடுத்த மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும். வயலுக்குக் கொண்டுபோவதென்றால் தாலுகா அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

வரத்துக்கால் ஊருணியில் சேரும் வாய்க்குச் சற்று முன்னால் 2 அடி ஆழத்தில் ஒரு குழி போட்டிருக்கிறார்கள். மணலும் பாலித்தீனும் அதில் தங்கிவிடும். ஆனால் ஐப்பசிக்கு முன் ஒருமுறை, அடைமழைக்கு நடுவில் ஒருமுறை அள்ள ஆள் வேணும். அதற்கும் தெருவாரியாக முறை பேசிவிட்டார்கள்.