நீங்களே சொல்லிடுங்க டீச்சர்

சிஸ்டர் அதை வருத்தத்தில் சொன்னாரா, கண்டிப்பில் சொன்னாரா, இல்லை எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாரா என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

கிருஷ்ணகிரி பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி அது. என் முதல் வேலை. அரசு சம்பளம் இல்லாத, நிர்வாகமே போட்ட போஸ்ட், சம்பளம் 4,500 ரூபாய். நான் சேர்ந்தது 2011 ஜூனில். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்டில்தான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. அதுவரை என்ன நடத்துவது என்று போய் நின்றேன். "புத்தகம் இல்லேன்னா கணக்கு இல்லாமப் போயிடுமா டீச்சர்?" என்று தலைமையாசிரியை சிஸ்டர் சிரித்தார். மணிக்கூண்டின் நிழலை அளந்து அதன் உயரத்தைக் கண்டுபிடித்தோம், மாதா சிலை வைத்த குகை போன்ற கெபியைச் சுற்றியிருந்த அரைவட்டச் சுவரைக் கயிறு போட்டு அளந்தோம். அதற்கப்புறம் எவ்வளவோ நடத்திவிட்டேன், அந்த இரண்டு மாதம் போல எதுவும் அமையவில்லை.

மாங்காய் சீசனில் பெரிய வகுப்புப் பெண்கள் மண்டி வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று நாள் ஒருத்தி வரவில்லை என்றால் சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு வீட்டில் அந்த அப்பாவிடம் தெலுங்கில் "கூலி எவ்வளவு தர்றாங்க, மாங்காய் என்ன விலை போகுது" என்றெல்லாம் அரை மணி நேரம் விசாரித்தாரே தவிர, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார். மறுநாள் அந்தப் பெண் வந்துவிட்டாள். என்ன வித்தை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான். மாநிலம் முழுக்கத் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, நானும் தேறவில்லை. அக்டோபரில் மறுபடி வைத்தபோது மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். அதற்கு என்னைப் படிக்க விட்டதே சிஸ்டர்தான். மாலையில் கான்வென்டில் விருந்தினர் உட்காரும் பார்லரைத் திறந்துவிட்டு, டம்ளரில் காபியும் கொடுத்தனுப்புவார். அதனால்தான் அப்புறம் நடந்தது எனக்குப் புதிராக இருக்கிறது.

டிசம்பரில் சென்னையில் ஒரே விழாவில் 20,000 பேருக்கு மேல் பணி நியமன ஆணை கொடுத்தார்களே, அதில் எனக்கும் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. உடனே போய்ச் சேர வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு.

ஆபீஸ் அறைக்குப் போனேன். சிஸ்டர் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் வந்துடுச்சு சிஸ்டர்."

"ரொம்ப சந்தோஷம். எப்ப சேரணும்?"

"திங்கட்கிழமை."

பதிவேட்டில் இன்னும் ஒரு பக்கம் திருப்பினார். "சரி. டென்த் பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க டீச்சர்."

அவ்வளவுதான். இருங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லி, கொஞ்சம் கோபப்பட்டு, லேசாகக் கிளம்பியிருப்பேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

கடைசி பீரியட் போனேன். ஜன்னலோரம் தட்டில் கேழ்வரகு முளைக்கப் போட்டிருந்தார்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்லாக வைக்க. விரல் நீளத்துக்கு வளர்ந்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் யாரும் அழவில்லை. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "வட்ட நாற்கரம் இன்னும் முடிக்கலையே டீச்சர், யார் நடத்துவாங்க?" என்றாள். வெளியாட்களுக்கு இது சாதாரணக் கேள்வி. வட்ட நாற்கரம் வரைவது ஜாமெட்ரி கேள்வி. அப்போது ஜாமெட்ரி 10, கிராஃப் 10 என்று இருந்த அந்த 20 மார்க்கை வைத்துத்தான் மெல்லக் கற்கும் பிள்ளைகளைப் பாஸ் மார்க்கான 35-க்குக் கொண்டுவந்தோம். இது கணக்கு டீச்சர்களுக்குத் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரிந்திருந்தது. "சிஸ்டர் ஏற்பாடு பண்ணுவாங்க" என்றேன். அவள் சரி என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் போனது சரிதான். அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் கடன், அரசாங்கச் சம்பளம் அங்கே வாங்கியதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அதோடு, நான் போய்ச் சேர்ந்த பள்ளியில் ஜூனிலிருந்தே கணக்கு டீச்சர் கிடையாது. அங்கேயும் பத்தாம் வகுப்பு, அங்கேயும் அதே வட்ட நாற்கரம். இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகத்தான் வருகிறது. அப்படியே வருவதுதான் உறுத்துகிறது.

அந்த வருஷம் பழைய பள்ளியில் கணக்கில் எல்லோரும் பாஸ். ரிட்டையரான ஒரு வயதான சிஸ்டர் வந்து நடத்தினாராம். கேள்விப்பட்டதும் நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் சப்பென்றும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

போன வருஷம் நான் பொறுப்புத் தலைமையாசிரியை. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் வந்திருந்த தற்காலிக டீச்சர் ஜனவரியில் வந்து, வேறு வேலை கிடைத்துவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்மா, நீங்க கிளம்புங்க" என்றேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார். அப்புறம் ஒரு வாரத்துக்குப் பிள்ளைகள் என்னிடம்தான் வந்து வந்து கேட்டார்கள், ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார் என்று. நான் செய்ததுதான் இரக்கம் என்று அன்றைக்குத் தோன்றியது, இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டீச்சர் பொங்கல், தீபாவளி என்றால் எனக்குப் போன் செய்கிறார். நான் சிஸ்டருக்கு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூடச் செய்ததில்லை.