மறதி நோய்க்கான மருத்துவம் வளவு வரைக்கும் வர வேண்டும்

செட்டிநாட்டில் மறதி நோயோடு இருக்கும் பெரியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள் மருத்துவம்தான். பிள்ளைகள் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிறார்கள். கார் பிடித்து மதுரைக்கோ திருச்சிக்கோ கூட்டிப்போய், ஸ்கேன் எடுத்து, மாத்திரை எழுதி வாங்கி, இருட்டுவதற்குள் காரைக்குடி திரும்பிவிடுகிறார்கள். அடுத்த பயணம் அடுத்த விடுமுறைக்கு. இடைப்பட்ட மாதங்களில் மாத்திரை ஒத்துக்கொண்டதா, சாப்பாடு இறங்குகிறதா, ராத்திரி தூங்குகிறாரா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது இந்த மறதி நோய், இருக்கிறது என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. சுமார் 88 லட்சம் பேர். இத்தனை பேருக்கும் நரம்பியல் மருத்துவர் மாதம்தோறும் கிடைக்கப்போவதில்லை. அப்படிக் கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நோயைக் கண்டறியவும் மருந்தைத் தீர்மானிக்கவும் அவர் வேண்டும். மற்றதெல்லாம் வீட்டில், நம் வளவில் (வீட்டின் நடுக்கட்டில்) நடக்கிறது. ஆகவே வீட்டுக்கு ஏற்கெனவே வந்துபோகும் ஒருவரைப் பொறுப்பாளாக்குவதுதான் நம் பக்கம் உடனே செய்யக்கூடிய சீர்திருத்தம்.

அந்த ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அதே திட்டத்தில் வருகிறார்கள். பிரஷர் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும். சொன்னதையே சொல்லி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? பழகிய தெருவில் வழி தடுமாறினாரா? பால் கணக்கு, மளிகைக் கணக்கு பார்ப்பதை விட்டுவிட்டாரா? போன வருஷம் தானாகச் செய்த ஏதாவது வேலையை இப்போது நிறுத்திவிட்டாரா? இவற்றை நோயாளியிடம் கேட்பதைவிட, கூட இருப்பவரிடம் தனியாகக் கேட்பது நல்லது. பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் ஆங்கிலத் தேதியும் முதலமைச்சர் பெயரும் கேட்டு மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை. இது என்ன தமிழ் மாதம், அடுத்து என்ன நோன்பு, எந்த மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும். இரண்டு கேள்விக்கு ‘ஆமாம்’ வந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம்.

அங்கே முதலில் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சுகர், கிரியேட்டினின், ரத்த அணுக்கள். சைவம் மட்டுமே சாப்பிட்டு, பல வருஷமாக மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையும் எடுப்பவருக்கு பி12 குறைவது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. அதையும் தைராய்டு குறைபாட்டையும் சரிசெய்தாலே சிலருக்கு நினைவு தெளிகிறது. அடுத்து, எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்கான ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை முதியவர்களின் மூளையைக் குழப்பும். மூன்று டாக்டர்கள் தனித்தனியே எழுதி, மூன்றும் ஒரே டப்பாவில் சேர்ந்திருப்பது உண்டு.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அதை ‘நோய் முற்றிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிமென்ஷியா மாதக் கணக்கில் நகரும். நாள் கணக்கில் மாறினால் காரணம் வேறு: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புது மாத்திரை, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி. சில வாரங்களுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்டவர், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், மந்தமானால் மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர்க் குறைவு. தாகம் எடுத்தாலும் கேட்கத் தோன்றாது என்பதால், டாக்டர் அளவு வைக்காத வரை, நாளுக்கு ஒன்றரை லிட்டராவது மணிக்கு ஒரு டம்ளராகக் கையில் கொடுக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளின் அமைப்பு இந்த நோய்க்குச் சில இடங்களில் உதவுகிறது, பல இடங்களில் எதிராக நிற்கிறது.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்வாசலில் ஆள் உட்கார்ந்திருப்பார். கொல்லைக் கதவு வேலைக்காரர்கள் வந்துபோகத் திறந்தே கிடக்கும். வெளியேறுபவர்களுக்கு அதுதான் வழி, அது அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும். அந்தக் கதவில் மணி கட்டுங்கள். தாழ்ப்பாளைக் கண் போகும் உயரத்திலிருந்து எடுத்து உச்சியில் வையுங்கள். சுவரின் நிறத்திலேயே ஒரு திரை போட்டால் கதவு கதவாகத் தெரியாது. ஆனால் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். ஒரு தீ விபத்து என்றால் தப்ப வழி இருக்காது.

ஆளைக் காணவில்லை என்றால் முதலில் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும். பூட்டாத சாமான் அறை, மாடி, புழங்காத கட்டு. கூடவே இன்னொருவர் கிணற்றையும் ஊரணியையும் பார்க்க வேண்டும். தண்ணீரில் ஆபத்து நிமிடக் கணக்கு. பிறகு கோயில், பஸ் நிறுத்தம், ஆச்சி என்றால் பிறந்த வீட்டுக்குப் போகும் சாலை. ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அவர் சொல்லும் வீடு பெரும்பாலும் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய வீடு. கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் 100க்குச் சொல்லிவிடுங்கள், இருட்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போனில் சமீபத்திய முழு உருவப் படம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தங்காது. உள்பாவாடை நாடாவிலோ சட்டையின் உட்புறத்திலோ தைத்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வார்க்கப்படுவதால் இயல்பிலேயே பளபளக்கும். மதிய வெயில் அதில் விழுந்தால் தண்ணீர் தேங்கியதுபோல் தெரிகிறது. கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தெரிகிறது. அதனால்தான் சிலர் வெறுந்தரையில் காலை உயரத் தூக்கித் தாண்டப் பார்த்து விழுகிறார்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரே நிறத்தில், வழுக்காத அடிப்பகுதியுள்ள விரிப்பைப் போட்டு ஓரங்களை ஒட்டிவிடுங்கள். சும்மா விரித்த ஜமுக்காளமோ பாயோ ஆபத்து. நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டினால் கால் தட்டாது. வளவு முற்றத்தில் இறங்கும் படிக்குக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். மழை நாளில் அங்கே போகவிடக் கூடாது. முகப்பில் இருக்கும் ஆளுயர நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்து ‘யாரோ நிற்கிறார்கள்’ என்று பயப்படுவதும் உண்டு. வேட்டியோ சேலையோ போட்டு மூடினால் பயம் போய்விடும், மாத்திரை தேவைப்படாது.

கழிப்பறை பின்பக்கம் தள்ளி இருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் ராத்திரி விபத்துக்குக் காரணம். ஆளை முன்புறப் பட்டாலையிலிருந்து பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி. வழியெல்லாம் மங்கலான விளக்கு எரியட்டும். குளிக்க மறுப்பவருக்கு ஷவர் வேண்டாம். தலையில் தண்ணீர் திடீரென்று விழுவது மிரட்டும். வாளியும் செம்பும் வைத்துப் பாதத்தில் ஊற்றித் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் என்று பழகிய ஆச்சிகளுக்கு அந்தக் கிழமையைச் சொன்னாலே மறுப்பு தணியும். எண்ணெய் தேய்த்த உள்ளங்காலைத் துடைக்காமல் மட்டும் எழுப்பாதீர்கள்.

சாவி ஒரு தனிப் பிரச்சினை. ‘பெட்டகச் சாவியை இவதான் எடுத்துட்டா’ என்று வேலை செய்யும் பெண் மேல் பழி விழுகிறது. அவள் அழுதுகொண்டே நின்றுவிடுகிறாள். வீட்டுக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை. வைத்த இடம் மறந்துபோன மூளை, வேறு காரணம் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வதுதான் இது. வாதாடிப் பயனில்லை. ‘வாங்க ஆச்சி, சேர்ந்து தேடுவோம்’ என்று எழுந்துபோய், எதற்கும் பொருந்தாத ஒரு பழைய கொத்துச்சாவியைக் கையில் கொடுத்துவிடலாம். உண்மையான சாவியும் நகையும் முன்கூட்டியே வேறிடம் போயிருக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது பிள்ளைகளின் கடமை.

மாலை 4 மணிக்கு மேல் பலருக்கு அமைதியின்மை கூடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் வேலை முடிந்து சாப்பிட்டு இரவு 8 மணிக்கு வீடியோவில் கூப்பிட்டால் இங்கே மணி 5:30. மிக மோசமான நேரம் அதுதான். ‘என்னைத் தெரியுதா, யாருன்னு சொல்லுங்க?’ என்ற கேள்வி அதை இன்னும் மோசமாக்கும். காலை 9 மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே 11:30. ‘அம்மா, நான் மெய்யப்பன் பேசுறேன்’ என்று உங்கள் பெயரை நீங்களே சொல்லித் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைத் தட்டில் இட்லி கண்ணுக்குத் தெரியாமல் சாப்பிடாமல் விடுகிறவர், வாழை இலையில் வைத்தால் சாப்பிடுகிறார். ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம் போதும். இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ விழுங்குவதில் சிரமம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது தண்ணியான ரசமும் பருக்கையும் கலந்த சாதம்தான் அதிகமாகப் புரையேறும். குழைய வடித்துத் தயிர் விட்டு மசித்த சாதம், கெட்டியான கஞ்சி பாதுகாப்பு. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், முந்திய வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. பிள்ளையார் நோன்பன்று இழையை (திரி ஏற்றிய மாவுருண்டையை) எரியும் சுடரோடு இவர்கள் வாயில் கொடுக்க வேண்டாம். முற்றிய நிலையில் மூக்கு வழிக் குழாய் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே நல்லது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. நினைவுக்காகக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து 10 ஆக்குவது வழக்கம். வயிற்றுப்போக்கு, பசியின்மை, நாடித்துடிப்புக் குறைவு வரலாம். தொடங்குமுன் இசிஜி பார்ப்பது நல்லது. ராத்திரி பயங்கரக் கனவு வந்தால் காலையில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இது நோயை நிறுத்தாது, சிலருக்குச் சில காலம் தாங்கிப் பிடிக்கும். ஆவேசத்துக்கு எழுதப்படும் ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்றவை டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன. வேறு வழியே இல்லாதபோது குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்ற தேதியோடுதான் தொடங்க வேண்டும். அந்தத் தேதியைக் கேட்பது உங்கள் உரிமை. ஏற்கெனவே போட்டது மறந்து சுகர் மாத்திரையை இரண்டாம் முறை போடுவது உயிருக்கே ஆபத்து. டப்பா பூட்டில், ஒரு வேளை மாத்திரை மட்டும் கையில்.

மருத்துவமனையில் சேர்க்கும் நாளுக்காக இப்போதே ஒரு தாள் தயார் செய்யுங்கள், இரண்டு பிரதி. எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தக் காது கேட்கும், கண்ணாடி, பல்செட், எப்படிச் சாப்பிடுவார், சிறுநீர் வந்தால் என்ன செய்வார் (சேலையை இழுப்பார், எழுந்து நிற்பார்), எதைக் கேட்டால் அமைதியாவார், என்னென்ன மாத்திரை, எது ஆகாது, முடிவெடுப்பவரின் எண், அந்த நாட்டு நேரம். ‘தொந்தரவு செய்கிறார்’ என்று கையைக் கட்டுவதும், வசதிக்காகச் சிறுநீர்க் குழாய் போடுவதும் குழப்பத்தையும் தொற்றையும் கூட்டும். சிறுநீர் கழிக்க எழுந்தவரைத்தான் பல நேரம் கட்டிப்போடுகிறார்கள். ஓபியில் இவர்களை இரண்டு மணி நேரம் வரிசையில் உட்காரவைக்காமல் முதல் டோக்கன் கொடுப்பதற்குச் செலவே இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவமனைகள் இரண்டும் நாளையே தொடங்கலாம்.

இதுவரை சொன்னதில் பாதி, ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ள வீட்டுக்கு. ஒற்றை அறை வீட்டில் மாமியாரை விட்டுவிட்டு கூலி வேலைக்குப் போகும் மருமகளுக்கு யோசனை சொல்லிப் பயனில்லை, நான்கு மணி நேரம் வேண்டும். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி என்று ஒன்றியத்துக்கு ஒரு அரைநாள் மையம் போதும். பத்து பேர், இரண்டு உதவியாளர், ஒரு செவிலியர், ஒரு வேன், மதியச் சாப்பாடு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முன்கட்டு இதற்குப் போதுமானது. அன்னதானத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாரிக் கொடுத்த ஊர்கள் இவை. நகரத்தார் விடுதிகளும் கோயில் அறக்கட்டளைகளும் மனம் வைத்தால் இது பெரிய தொகையே அல்ல.

சொத்து விஷயத்தில் ஒன்று. அப்பா தெளிவாக இருந்தபோது எழுதிக் கொடுத்த பவர் பத்திரம், அவர் சித்த சுவாதீனம் இழந்ததும் சட்டப்படி முடிந்துவிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 அப்படித்தான் சொல்கிறது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, உயில், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி நியமனப் பிரதிநிதி ஆகிய மூன்றையும் ஆரம்ப நிலையிலேயே அவர் கையெழுத்தோடு முடித்துவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவரையும் அந்தத் தன்னார்வலரின் பட்டியலில் சேர்க்க வேண்டும். வருகையின்போது அவருக்கும் பிரஷர் பார்த்து, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ஏஜென்சி ஆளாக இருந்தாலும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு, மாற்று ஆள் வந்து ஒரு நாள் கூடவே இருந்து பழகிய பிறகு. மனம் தாங்காத ராத்திரியில் 14416க்கு அழைத்தால் தமிழிலேயே மனநல ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. முதியோர் உதவிக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. இரண்டு எண்களையும் சமையற்கட்டுச் சுவரில், கூட இருப்பவர் கண்ணில் படும் உயரத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.