எண்ணெய் வயல் கேட்டிலிருந்து: ஒரு நாட்குறிப்பு

2014 அக்டோபர் 28, செவ்வாய்

புது கேட்டுக்குக் காவலுக்கு வந்துவிட்டோம். எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்வரும் வண்டிகளையும் ஆள்களையும் பதிவு செய்வதுதான் வேலை. தெற்கு டெக்சாஸ், லா சால் கவுண்டி. கொட்டூலாவிலிருந்து கிழக்கே வந்து, தார்ச்சாலையிலிருந்து பண்ணைக்குள் திரும்பும் இடம். இங்கிருந்து உள்ளே போவது கலீச்சி சாலை, அதாவது வெள்ளைச் சுண்ணாம்பு மண் போட்டு இறுக்கிய பாதை. ஒரு லாரி போனாலும் வெள்ளைப் புழுதி எழும்பி, வண்டி மறைந்த பிறகும் அடங்காமல் நிற்கும்.

பிக்கப் வண்டியில் மாட்டி இழுக்கும் ஆர்வி டிரெய்லர்தான் எங்கள் வீடு. கேட்டுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்து முடிக்கவே மதியமாகிவிட்டது. டீசல் ஜெனரேட்டர், விளக்குக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி எல்லாம் கம்பெனி கொடுப்பது. சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய் போட்டிருக்கிறோம். சக்கரம் அதன்மேல் ஏறினால் வீட்டுக்குள் மணி அடிக்கும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என் கணவர். இரவு முழுக்க நான்.

ஆறு மைல் உள்ளே இரண்டு பேட், அதாவது கிணறு தோண்டச் சமப்படுத்திய இடங்கள். ஒன்றில் ரிக், அதாவது கிணறு தோண்டும் இயந்திரம், ஓடுகிறது. இன்னொன்றில் தோண்டி முடித்த கிணறுகளுக்கு இனிமேல்தான் ஃபிராக் வேலை, அதாவது தண்ணீரும் மணலும் ரசாயனமும் அழுத்திச் செலுத்திப் பாறையை உடைத்து எண்ணெய் எடுப்பது.

நவம்பர் 1, சனி

மான் வேட்டைப் பருவம் இன்று தொடங்கியது. விடியும் முன்பே பச்சைப் பழுப்பு உடுப்பில் பிக்கப் பிக்கப்பாக வருகிறார்கள். பண்ணைக்காரர் வேட்டைக்குக் குத்தகை விட்டிருக்கிறார். அவர்கள் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொள்கிறேன், எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதையும். உள்ளே துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று ரிக்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த ஊர்ச் சட்டம் தெரியாதவர்களுக்கு இது புதிராக இருக்கும். டெக்சாஸில் மேல்மண் ஒருவருக்கும், கீழே இருக்கும் எண்ணெய் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். எண்ணெய் உரிமை உள்ளவர் தோண்ட வந்தால், நிலத்துக்காரர் தடுக்க முடியாது. ஆனால் எப்படி வர வேண்டும் என்று பேசி ஒப்பந்தம் போடலாம். வேலி அறுபடக் கூடாது, மாடு வெளியே போகக் கூடாது, கண்டவர்கள் உள்ளே நுழையக் கூடாது. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் எங்கள் வேலை. துப்பாக்கி இல்லாத காவலர் உரிமம் எடுத்துத்தான் இருவரும் இதற்கு வந்தோம்.

நவம்பர் 12, புதன்

நேற்று வடக்கேயிருந்து வந்த குளிர்காற்றில் ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது. தண்ணீர்க் குழாய்க்குத் துணி சுற்றி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் பளிச்சென்ற மஞ்சள் அங்கியும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

குளிர் வந்த அன்றே ஃபிராக்கும் தொடங்கிவிட்டது. மணி ஓயவே இல்லை. மணல் லாரி, தண்ணீர் லாரி, ரசாயன லாரி, பம்பு வண்டிகள். ஒரு கிணற்றுக்கு 40 லட்சம் காலன் தண்ணீர் என்பது இங்கே சாதாரணம். ஒரு லாரி 130 பேரல் கொள்ளும், பேரலுக்கு 42 காலன். அத்தனையும் லாரியிலேயே வருவதானால் 700 நடைக்கு மேல் ஆகும். நல்லவேளையாக இந்தப் பண்ணையில் குளம் வெட்டிக் குழாய் போட்டிருப்பதால் பெரும்பகுதி அதில் போய்விடுகிறது.

என் கவலையெல்லாம் ஓட்டுநர்கள்தான். எண்ணெய் வயலில் உயிர் போகும் காரணங்களில் முதலிடம் சாலை விபத்துக்குத்தான். கிணற்று வெடிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தத் துறையின் தனிப் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை வேலை நேரத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று கூட்டாட்சி விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, அது ஓய்வு என்று காகிதத்தில் எழுதிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அது ஓய்வா? அதிகாலை மூன்று மணிக்கு மிசிசிப்பிப் பையன் ஒருவன், கண் சிவந்து, தன் வண்டி எண்ணையே இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். "தம்பி, ஓரமாக நிறுத்தித் தூங்கிவிட்டுப் போ, நான் எழுப்புகிறேன்" என்றேன். "சரி மேம்" என்று உடனே கேட்டுக்கொண்டான். இப்படித் தூங்குகிறவர்களுக்காக வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு லாரி நிற்கும் அளவுக்கு முள்ளும் கல்லும் நீக்கி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நவம்பர் 19, புதன்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு ரேடியோவில் கம்பெனி மேன், அதாவது ரிக்கில் எண்ணெய்க் கம்பெனியின் பொறுப்பாளர். ரிக்கில் ஹைட்ரஜன் சல்பைடு அலாரம் அடித்திருக்கிறது. "கேட்டை மூடுங்கள், யாரையும் உள்ளே விடாதீர்கள், உங்கள் பட்டியலில் எத்தனை பேர்?"

இந்த வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதனால் மூக்கை நம்பக் கூடாது. எல்லோர் சட்டையிலும் ஒரு மானி இருக்கும், பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வந்தாலே அது கத்திவிடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். காற்றுக்கு எதிர்த் திசையில் மேட்டுக்கு ஓடி, எல்லோரும் ஓரிடத்தில் கூடி, தலை எண்ண வேண்டும்.

என் பட்டியலில் 31. அங்கே எண்ணியதில் 30. குறைந்தவர் மட் லாகர், சேற்றில் வரும் பாறைத்தூளையும் வாயுவையும் பார்க்கிற ஆள். அவருடைய பிக்கப் வண்டி ரிக் பக்கத்திலேயே நிற்கிறதாம். இரண்டு பேர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு தேடப் போகத் தயாராகிவிட்டார்கள். நான் வெளியே போன வண்டிகளின் பக்கத்தைத் திருப்பினேன். 11:40, சிமென்ட் வேலைக்காரர்களின் வேன், பின்சீட்டில் அவர் பெயர். தேட வேண்டாம், ஆள் வெளியே போய்விட்டார் என்று சொன்னேன். உள்ளே வந்தபோது எழுதிய வரி திருத்தப்படாமல் இருந்ததுதான் கணக்கு இடித்த காரணம்.

வெளியே போகும் வண்டியை நிறுத்தி உள்ளே இருப்பவர்களின் பெயரைக் கேட்டால் பலருக்கும் எரிச்சல். "வரும்போது எழுதினீர்களே, போதாதா?" என்பார்கள். போதாது. அந்தப் பதிவு இல்லாவிட்டால், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தேடி இரண்டு பேர் விஷக்காற்றுக்குள் போயிருப்பார்கள்.

மூன்றரைக்கு வாயு இறங்கிவிட்டது, கேட்டைத் திறந்தேன். அடுத்த பேட்டுக்குப் போக நின்ற மணல் லாரிகள் பதினொன்று.

நவம்பர் 23, ஞாயிறு

அவர் கேட்டைப் பார்த்துக்கொள்ள, நான் கொட்டூலா போய் துணி துவைத்து, காஸ் சிலிண்டர் நிரப்பி வந்தேன். ஊரெங்கும் புது ஹோட்டல்கள். ஈகிள் ஃபோர்டு ஷேல் என்பது இங்கே ஆழத்தில் எண்ணெய் அடங்கிய பாறைப் படிவம்; 2008-ல் அதன் முதல் கிணறு வந்தது இதே கவுண்டியில்தான். அதற்கு முன் இந்த ஊருக்கு இருந்த பெருமை, பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன் 1928-ல் இங்கே மெக்சிகன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார் என்பது. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தப் பிள்ளைகளின் பசியைத்தான் நினைவுகூர்ந்தார்.

மகள் ஆஸ்டினிலிருந்து போன் செய்தாள். "அம்மா, கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?" என்றாள். பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 150 டாலர். 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 6.25. சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி 7.25. ஆனால் எங்களுக்குப் பெயர் ஊழியர் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர். கேட் காவலர்கள் ஊழியர்கள்தான் என்று தொழிலாளர் துறை தொடுத்த வழக்கு 2013-ல் தோற்றுப்போனது. வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. அதற்காக அது நியாயம் ஆகிவிடாது. நகர முடியாமல் மணிக்குக் காது கொடுத்துக் கிடக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம்தான்.

நவம்பர் 28, வெள்ளி

நேற்று தாங்க்ஸ்கிவிங். ரிக் சமையல்காரர் வான்கோழியும் சோளரொட்டியும் கொடுத்தனுப்பினார். நாங்கள் எலுமிச்சை சாதம் அனுப்பினோம், டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

நேற்றே வியன்னாவில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டன. ஜூனில் 107 டாலர் வரை போன பேரல் இன்று 66. கேட்டில் நிற்கிற எல்லோரும் வண்டி எண்ணைச் சொல்லும் முன்பே விலையைக் கேட்கிறார்கள்.

டிசம்பர் 16, செவ்வாய்

பேரல் விலை இப்போது 56. இந்தப் பேட்டில் இன்னும் இரண்டு கிணறு தோண்டுவதாக இருந்தார்கள், அது நின்றுவிட்டது. ரிக்கைப் பிரித்து லாரி லாரியாக ஏற்றிப் போகிறார்கள். எங்கே போகிறது என்று ஓட்டுநர்களைக் கேட்டால், "யார்டுக்கு" என்கிறார்கள், அதாவது சும்மா நிறுத்தி வைக்கும் இடத்துக்கு. அடுத்த கிணற்றுக்கு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த மிசிசிப்பிப் பையன் கடைசி நடையில் இறங்கி வந்து என் கணவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான். வேலை போய்விட்டதாம், ஊருக்குத் திரும்புகிறான்.

எங்களுக்கு டில்டன் பக்கத்தில் ஒரு கேட் இருக்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். தினக்கூலி 25 டாலர் குறையும். ஒப்புக்கொண்டோம். ஆனால் வெளியே போகும் ஆள்களின் பெயரையும் எழுதுவோம், அதற்கு வண்டி நின்றுதான் ஆக வேண்டும், அங்குள்ள கம்பெனி மேனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சொல்கிறேன் என்றார். வியாழக்கிழமை கழிவுத் தொட்டி வண்டி வந்ததும் கிளம்புகிறோம்.