கோபத்துக்குச் சிவப்புத்தான் வேண்டுமா? ஒயில் பாஸ்டலும் உணர்வும்

நிறத்துக்கு ஒரு உணர்வு என்று அட்டவணை போட்டுத் தருகிற பாடங்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி, கறுப்பு என்றால் துக்கம் என்று அவை சொல்லும். திருகோணமலையில் செத்தவீட்டுத் தெருவில் கட்டுவது வெள்ளைக் கொடி. சிவப்பு இங்கே குங்குமத்திலும் கூறைச்சேலையிலும் மங்கலமாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் ஏறி வந்ததைக் கண்ட ஒருவரிடம் நீலக் குச்சியைக் கொடுத்து, அமைதியைத் தீட்டுங்கள் என்று கேட்பது கொடுமை.

எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத அரூப ஓவியத்தில் உணர்வைச் சுமப்பது, நிறம் தாளில் ஏறியிருக்கும் விதம். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், எந்த நிறம் கீழே, எது மேலே, ஓரம் கூர்மையா கரைந்ததா என்பவை எல்லாம் அதில் அடக்கம். ஒயில் பாஸ்டல் என்ற எண்ணெய் நிறக் குச்சியில் கைக்கும் தாளுக்கும் நடுவே தூரிகை இல்லை. விரலின் அழுத்தம் அப்படியே பதியும், பிறகு மறைக்கவும் முடியாது. உணர்வைத் தீட்ட நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் குறைவு.

குச்சியில் இருப்பது நிறத்தூள், மெழுகு, உலராத எண்ணெய். ஜப்பானின் சக்குரா நிறுவனம் 1925 அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இதைக் கொண்டுவந்தது. 1949இல் பிரான்சின் செனெலியே நிறுவனம், பிக்காசோ கேட்டதற்காக ஓவியர்களுக்கான மென்மையான வகையைச் செய்தது. கடைகளில் இன்றும் இந்த இரண்டு வகையும்தான் கிடைக்கின்றன. மெழுகு கூடிய கடினமான வகை மலிவு, வெண்ணெய் போல இழுபடும் வகை விலை. கையில் இரண்டும் இருந்தால் கடினமானதைக் கீழேயும் மென்மையானதை மேலேயும் போடுங்கள். மாற்றிப் போட்டால் கடினக் குச்சி கீழ்ப்படையை உழுது எடுத்துவிடும். புது நிறமும் ஏறாது.

போட்டோக்கொப்பித் தாள் சரிவராது. 80 கிராம் (ஒரு சதுர மீட்டரின் எடை) தாளில் எண்ணெய் ஊறி, நிறத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் விழும், சுரண்டினால் கிழியும். 160 முதல் 200 கிராம் வரையான, தடவினால் சொரசொரப்பாக இருக்கும் வரைதாள் வேண்டும். பிரிஸ்டல் போர்ட் தடிப்பாக இருந்தாலும் வழுவழுப்பானது. இரண்டாவது படையிலேயே குச்சி வழுக்கும். அளவு ஏ4 போதும். ஏ3 தாளை நிறைத்து அழுத்தித் தீட்டினால் நல்ல குச்சி ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்துவிடும்.

முதல் பயிற்சிக்கு ஒரே ஒரு நிறம். கடும் நீலமோ மண்ணிறமோ எடுங்கள். ஏ4 தாளை மாஸ்கிங் டேப்பால் நான்கு பெட்டியாகப் பிரியுங்கள். டேப்பை ஒட்டுமுன் ஒருமுறை உடுப்பில் ஒட்டி எடுத்தால் பசை குறையும், கழற்றும்போது தாள் உரியாது. ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம். முதலாவதில், மேல்தாள் உரித்த 3 செ.மீ. குச்சித் துண்டைப் படுக்கவைத்து மெதுவாக இழுங்கள், தாளின் வெள்ளை இடையிடையே தெரியட்டும். இரண்டாவதில் குச்சியின் முனையால், முழங்கை அசைய, குறுகிய கோடுகளாக அழுத்துங்கள். மூன்றாவதில் எழுதாத கையால் ஒரே தொடர்கோடு. நான்காவதைத் தடிப்பாக நிரப்பிவிட்டு ஈர்க்கால் கீறுங்கள். நிறம் மாறவே இல்லை, ஆனால் நான்கு பெட்டிகளும் நான்கு குணத்தில் நிற்கும். இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதவரை இரண்டாவது நிறத்தை எடுக்க வேண்டாம்.

அடுத்து இரண்டு அல்லது மூன்று நிறம். மூன்றுக்கு மேல் போனால் கவனம் அலங்காரத்துக்குப் போய்விடும்.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். கீழே செம்மஞ்சளை, தாளின் வெள்ளை முழுக்க மறையும்வரை அழுத்தி நிரப்புங்கள். அதன்மேல் கடும் நீலத்தை மென்மையாக, ஒரே திசையில் போடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் இரண்டும் கலந்துவிடும். பிறகு ஈர்க்காலோ பழைய ரீலோட் கார்ட்டின் மூலையாலோ கீறுங்கள். இருட்டுக்குள்ளிருந்து செம்மஞ்சள் வெடித்து வரும். கீறிய இடத்தில் வெள்ளைத் தாள் தெரிந்தால் கீழ்ப்படை மெல்லியது என்று அர்த்தம். அடக்கிவைத்த கோபத்துக்கு இந்த முறை, சிவப்பை நேரே அள்ளிப் பூசுவதைவிடப் பல மடங்கு வலிமையானது.

காத்திருப்புக்கு எதிர்வழி. வெளிர் காவியைக் குச்சியின் பக்கவாட்டால் தாள் முழுக்க ஒரு மெல்லிய படையாக ஓட்டி, டிஷூவால் தேயுங்கள். தாளின் ஒரு விளிம்பில் மட்டும் சாம்பல் பச்சைக் கோடுகளை நெருக்கமாக நிறுத்துங்கள். தாளின் மூன்றில் இரண்டு பங்கு, காவிக்கு மேல் எதுவும் இல்லாமல், வெறுமையாகவே இருக்க வேண்டும். கை அதை நிரப்பத் துடிக்கும், விடாதீர்கள். கடைசியில் மங்கல் மஞ்சள், ஒரே இடத்தில், அழுத்தமாக.

நிறங்கள் சேறாவதுதான் எல்லாரும் சொல்லும் முறைப்பாடு. நீலமும் செம்மஞ்சளும், சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் தேய்பட்டால் மண்ணிறச் சாம்பல்தான் வரும். அதன்மேல் வெள்ளையைப் போட்டால் சுண்ணாம்புச் சேறாகும். கார்ட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்து நிறம் ஒன்றை (நீலத்துக்குப் பச்சை போல) புதிதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் குச்சி முனையை டிஷூவில் துடையுங்கள். கறுப்பைப் பெட்டியிலிருந்தே எடுத்துத் தனியே வையுங்கள், தொட்டதையெல்லாம் அழுக்காக்கும். கடும் நீலத்தின்மேல் கடும் மண்ணிறம் போட்டால் கறுப்பைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். களைப்பையும் நெடுநாள் துயரத்தையும் தீட்டும்போது மட்டும் சேற்றை வேண்டுமென்றே வரவழைக்கலாம். அந்த மங்கல் வேறு எந்தக் குச்சியிலும் தனியாகக் கிடைக்காது.

தேங்காய் எண்ணெய் தொட்டுக் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் அழகாகக் கரையும். ஆனால் எண்ணெய் உலராது, தாளில் ஊறி மறுபக்கம் வரை போகும். கரைக்கத்தான் வேண்டுமென்றால் கொட்டன் பட் நுனியில் இரண்டு துளி டர்பன்டைன், ஜன்னலைத் திறந்துவைத்து. அது ஆவியாகிப் போய்விடும்.

இந்த ஊரின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெப்பம் 34, 35 பாகைக்கு ஏறும். குச்சி இளகி, நுனி மழுங்கி, மெல்லிய கோடு வராது. நுண்ணிய வேலையைக் காலை ஒன்பதுக்கு முன் முடியுங்கள். தடித்த, ஆவேசமான படைகளுக்கு மத்தியானம்தான் நல்ல நேரம், குச்சி தானாகவே இழுபடும். குச்சிகளைப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் உதவும். வெளியே எடுத்தவுடன் படியும் ஈரத்தைத் துடைக்காமல் தீட்டினால் நிறம் பிடிக்காது. தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் பெட்டியை வைக்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நம் ஊர்க் கைகளுக்கே உரியது. டச்சுக் குடா, உப்புவெளிக் கடற்கரைகளில் விடியலைப் பார்த்து வளர்ந்தவர்கள் தாளின் நடுவே கிடைக்கோடு ஒன்றை இழுக்காமல் இருப்பது கஷ்டம். கோடு விழுந்ததும் கீழ்ப்பகுதி கடல், மேற்பகுதி வானம். மேலே ஒரு வட்டம் வந்தால் அது சூரியன். பார்ப்பவர் இடத்தை அடையாளம் கண்டுகொண்டு, உணர்வைத் தேடுவதை நிறுத்திவிடுவார். தாளை நெடுக்காக வைத்துத் தொடங்குங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்புங்கள், கோடுகளைத் தாளின் விளிம்புக்கு வெளியே ஓடவிடுங்கள். எந்தப் பக்கம் மேல் என்பதைக் கடைசியில் தீர்மானியுங்கள்.

முடித்த படம் காயாது. ஆறு மாதம் கழித்தும் விரல் பட்டால் ஒட்டும். நிறத்தைப் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே அடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. படங்களுக்கு இடையில் டிரேசிங் தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள், மேலே பாரம் ஏற்ற வேண்டாம். சட்டம் போட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். மாரி காலத்தில் ஈரச்சுவரில் மாட்டினால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். படத்தின்மேல் வெண்படலம் வந்தால் பெரும்பாலும் மேலே வந்த மெழுகுதான். மென்மையான பருத்தித் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போய்விடும். பூஞ்சணமென்றால் புள்ளிபுள்ளியாக இருக்கும், மணக்கவும் செய்யும். அதைத் துணியால் துடைத்தால் மற்ற இடத்துக்கும் பரவும், பக்கத்துப் படங்களிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.