“கழுவிட்டாப் போச்சு”

1998-இல் கருக்கலைப்பு என்ற சொல்லை யாரும் என்னிடம் சொல்லவில்லை. “கழுவிட்டாப் போச்சு” என்றுதான் சொன்னார்கள். அத்தை அப்படித்தான் சொன்னார். மலேசியாவின் பினாங்கில், பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவும் அப்படித்தான் சொன்னார். கிளினிக்கில் சீட்டு எழுதிய பெண் அதையே மலாயில் “சூச்சி” என்றார். சட்டியில் ஒட்டியிருக்கும் பருக்கையைச் சொல்வதுபோல் இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு 22 வயது. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் பாட்டி அங்கே ஆயாக் கொட்டகையில் வேலை செய்தவர். விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டக் கிளம்பும் தாய்மார்கள், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிவந்து பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொட்டகை முழுக்க ஏணைகள் தொங்கும். பாட்டி ஒரு கையில் இரண்டு கயிற்றைப் பிடித்து ஆட்டுவார். எந்தப் பிள்ளைக்கு அப்பன் யார், அம்மாவுக்குத் தாலி உண்டா என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. “வந்துருச்சுல்ல, வளக்க வேண்டியதுதான்” என்பார். அந்தப் பாட்டியின் பேத்தி நான்.

தோட்டத்தை விட்டுப் பினாங்குக்கு வந்து, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். பட்டர்வொர்த்தில் ஒருவரோடு பழகினேன். கல்யாணம் என்றுதான் பேச்சு. அந்த வருஷம் பொருளாதார நெருக்கடியில் அவருக்கு வேலை போனது. என் நாள் தள்ளிப்போனதைச் சொன்னபோது அழுதார். இரண்டு நாள் கழித்து 300 வெள்ளி (ரிங்கிட்) கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போன் போட்டால் அவருடைய அம்மாதான் எடுத்தார்.

அத்தை கெட்டவர் இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மரியாயின் சேனை என்ற பக்திச் சபையில் இருந்தவர். நோயாளிகள் வீடு தேடிப் போய்ச் செபம் சொல்வார். என் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் பயந்துவிட்டார். “கோயில்ல தலை காட்ட முடியாதுடி. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துருவா” என்றார். பிள்ளையைப் பற்றி அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோயில், அம்மா, ஊர், வேலை, மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் பேசினோம். “வச்சுக்கோ, நான் இருக்கேன்” என்று ஒரே ஓர் ஆள் சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்காக என் பொறுப்பை இன்னொருவர் தலையில் வைக்கவில்லை. படியேறிப் போனது என் கால்கள்தான்.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவின்படி கருவைக் கலைப்பது குற்றம். 1989-இல் கொண்டுவந்த திருத்தப்படி, கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ அதிக ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம். எனக்கு எந்த நோயும் இல்லை. டாக்டர் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்: எத்தனை வாரம், சாப்பிட்டுவிட்டு வந்தாயா.

செப்டம்பர் மாதம். கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. காத்திருக்கும் அறையில் டிவியில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளே ஸ்கேன் பார்த்தபோது திரையை என் பக்கம் திருப்பவில்லை. நானும் கேட்கவில்லை. 9 வாரம் என்றார். 9 வாரத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: ஆறாவது வாரத்திலேயே இருதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஒன்பதில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கை கால் முளைத்திருக்கும். அன்றைக்கு நான் அறிந்ததெல்லாம் ‘கழுவுவது’ மட்டும்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அத்தை மிளகு ரசம் வைத்தார். ஏழு மணிக்கு வழக்கம்போல் செபமாலை. ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தில் அத்தை முதல் பாதியைச் சொல்ல வேண்டும், நான் மறுபாதியைச் சொல்ல வேண்டும். “உம்முடைய திருவயிற்றின் கனியாகிய...” என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். மேலே வார்த்தை வரவில்லை. நானும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லி முடித்தார். ஒரு செபமாலையில் 53 தடவை அந்த வார்த்தை வரும். அந்த ராத்திரி 53 தடவையும் கேட்டேன். அதற்குப் பிறகு 18 வருஷம் நான் எந்தக் கூட்டத்திலும் செபமாலையை நடத்தியதில்லை. மறுபாதியை மட்டும் முணுமுணுப்பேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

2003-இல் கல்யாணம். நல்ல மனுஷர், அன்பானவர். 2005-இல் கர்ப்பமானேன். அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கான பிங்க் பதிவுப் புத்தகம் போடும் நாள். மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டார்: “இது எத்தனையாவது கர்ப்பம்?” பக்கத்தில் கணவர். “முதல்” என்றேன். முதல் கர்ப்பம் என்பதற்கு ‘ஜி 1’ என்று எழுதினார். சின்ன எழுத்து, நீல மை. அப்புறம் ஸ்கேன். திரையை என் பக்கம் திருப்பிவைத்தார்கள். அரிசி மணிபோல் ஒன்று வெள்ளையாக மினுங்கித் துடித்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சந்தோஷத்தில். நானும் அழுதேன். அவர் இரண்டும் ஒரே அழுகை என்று நினைத்தார்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கருக்கலைப்பு செய்தவளுக்கு இனிப் பிள்ளையே தங்காது என்று பயமுறுத்துகிற பேச்சைக் கோயில் வட்டாரங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். பொய் சொல்லி யாரையும் தடுக்க வேண்டியதில்லை. அதேபோல், எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் நடிக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வருந்துவதால் இது தவறாகிவிடவில்லை. நான் வருந்தாமல் இருந்திருந்தாலும் அந்த இருதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. “தாய் வயிற்றில் உன்னை உருவாக்கும் முன்பே அறிந்திருந்தேன்” என்று எரேமியாவிடம் ஆண்டவர் சொன்னது, பிறந்த பிறகு ஊருக்குப் பொருந்திப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னதில்லை. தாயின் உயிரே ஊசலாடும் நிலையை நான் அனுபவித்ததில்லை, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. என்னுடையது வெட்கத்துக்குப் பயந்து செய்தது.

அத்தனை வருஷமும் நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பம், வாங்காமல் இருக்க நான் செய்த தந்திரங்கள் எத்தனையோ. நற்கருணை நேரத்தில் சின்னவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவேன். வயிறு சரியில்லை என்பேன். குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வருவேன். பெரியதைச் சொன்னால் ஃபாதர் எழுந்து போய்விடுவார், இதற்கு ஆயரிடம்தான் (பிஷப்) போக வேண்டும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். அது முழுக்கக் கற்பனையும் இல்லை. கருக்கலைப்புக்குத் திருச்சபைச் சட்டத்தில் சபைவிலக்குத் தண்டனை உண்டு, அதிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் பொதுவாக ஆயரிடம்தான் இருந்தது. இரக்கத்தின் யூபிலி என்று அறிவித்த சிறப்புப் புனித ஆண்டுக்காகப் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார். 2016 நவம்பரில் அந்த ஆண்டு முடிந்தபோது காலவரையில்லாமல் நீட்டித்தார். இன்றைக்கு எந்தக் குருவிடமும் போகலாம். இதைத் தெரியாமல் வெளியே நிற்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

யூபிலி ஆண்டான 2016 ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனோம். மரியாளைப் பெற்ற தாயின் கோயில். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள், பிள்ளை பெற்று நன்றி சொல்ல வருகிறவர்கள், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வந்து குவிவார்கள். கையில் மெழுகுவர்த்தியோடு அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டியது. கணவரிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, தமிழில் சங்கீர்த்தனம் கேட்கும் வரிசையில் போய் நின்றேன். முக்கால் மணி நேரம். இரண்டு தடவை வரிசையை விட்டு விலகி மறுபடியும் கடைசியில் போய்ச் சேர்ந்தேன்.

வயதான குரு. “ஃபாதர், என் பிள்ளையைக் கொன்னுட்டேன்” என்றுதான் வாயில் வந்தது. யோசித்து வைத்திருந்த எந்த வாக்கியமும் வரவில்லை. அவர் எழுந்து போகவில்லை. எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டார். யார் கூட இருந்தார்கள் என்று கேட்டார். தண்டனை பற்றி நான் கேட்டபோது, அப்படியொரு தண்டனை இருப்பதே தெரியாமல் செய்தவரை அது பற்றாது, நீ அதை நினைத்து இத்தனை வருஷம் பட்டினி கிடந்திருக்கிறாய் என்றார். அப்புறம் மெதுவாக, “பிள்ளைக்குப் பேர் வச்சியாம்மா?” என்று கேட்டார். பேர். எனக்கு அது தோன்றியதே இல்லை.

பரிகாரமாகத் திருப்பாடல் 51-ஐச் சொல்லச் சொன்னார். வெளியே புல்தரையில் உட்கார்ந்து போனில் தேடி வாசித்தேன். “என்னைக் கழுவியருளும்” என்று இரண்டாவது வசனம். அதே சொல். 1998-இல் என்னைக் கூட்டிப் போன சொல். அந்தப் புல்தரையில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து, யாரோ ஒரு சீனப் பாட்டி தண்ணீர் போத்தலைக் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

மன்னிப்புக் கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாளும் ஏப்ரல் 1999 என்ற கணக்கு மண்டைக்குள் ஓடியது. அந்தப் பிள்ளை பிறந்திருக்க வேண்டிய மாதம் அது. கணவரிடம் சொல்ல இன்னும் ஐந்து மாதம் எடுத்தது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “மிஸ்ஸி கேட்டப்ப என் கையை இறுக்குனே. அதுக்குத்தானா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த வருஷம் ஒரு தியான இல்லத்தில், இப்படிப்பட்டவர்களுக்காகவே நடந்த மூன்று நாள் தியானத்துக்குப் போனேன். எட்டுப் பெண்கள், ஓர் ஆண். ஆண்களுக்கும் இந்தத் துக்கம் உண்டு என்று அன்றுதான் பார்த்தேன். காரில் உட்கார்ந்து கிளினிக் வாசலில் காத்திருந்தவர் அவர். இரண்டாம் நாள் பிள்ளைக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாததால் ‘அருள்’ என்று பேர் வைத்தேன். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகள் இருட்டில் கிடப்பார்கள் என்று சின்ன வயதில் கேட்டது என்னை வாட்டிக்கொண்டே இருந்தது. திருச்சபையின் இறையியல் ஆணைக்குழு 2007-இல் வெளியிட்ட ஆவணத்தில், அந்தப் பிள்ளைகளின் மீட்பை நம்புவதற்கு உறுதியான காரணங்கள் இருப்பதாகச் சொல்லியிருப்பதை அங்கே விளக்கினார்கள். தாய் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்ற எசாயா வசனத்தை முன்பெல்லாம் எனக்கான ஆறுதல் என்று நினைப்பேன். அன்றைக்கு அருளுக்குச் சொன்னதாகக் கேட்டேன்.

இதை வாசிக்கும் கர்ப்பமான தங்கச்சி யாராவது இருந்தால்: ஒரு வாரம் தள்ளிப்போடு. ‘தாலியான் காசே’ (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-க்கு அழைத்தால் சமூகநல உதவி கிடைக்கும். வளர்க்க முடியாது என்றால் தத்துக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது, பிள்ளைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். 2010-லிருந்து பெட்டாலிங் ஜெயாவில், வளர்க்க முடியாத பிள்ளையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லும் குழந்தை வரவேற்புப் பெட்டகம்கூட இருக்கிறது. எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயிரைக் காப்போம் என்று மன்றாட்டுச் சொல்லிவிட்டு, கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றைப் பார்த்துக் குசுகுசுக்கிறோமே, அந்தக் குசுகுசுப்புக்குப் பயந்துதான் என் அத்தை என்னைக் கூட்டிப் போனார்.

அத்தை கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். 2021 ஜூன், முழு அடைப்பு. கோயில் பூட்டியிருந்தது, போனில் பூசை பார்ப்போம். ஒருநாள் பூசை முடிந்து போனை அணைக்கும்போது கேட்டார்: “அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?”

23 வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. “22 முடிஞ்சிருக்கும் அத்தை” என்றேன்.

“எனக்கும் அதே கணக்குதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பேரு ஏதாச்சும் வச்சியா?” என்றார். சொன்னேன். செபமாலையை எடுத்து என் கையில் கொடுத்து, இன்றைக்கு நீ முதல் பாதியைச் சொல்லு என்றார்.