கருவிழி வருகைப் பதிவு: எங்கள் சாயப்பட்டறையில் பட்ட பாடு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். காஸ்டிக் சோடாவிலும் சாயத்திலும் புழங்கிப் புழங்கி எங்கள் ஆட்கள் பலருக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிற்று. ரேஷன் கடையில் ரேகை விழாதவர்களுக்குக் கருவிழியைத்தானே பார்க்கிறார்கள் என்று, ரேகைக் கருவியைவிட விலை பல மடங்கு என்றாலும் வருகைப் பதிவுக்குக் கருவிழியைப் பார்க்கும் கருவியையே வாங்கினோம்.

பதிவு எடுக்கும் வேலை அலுவலக அறைக்குள் சுமுகமாக முடிந்தது. வாசலில் மாட்டிய பிறகுதான் சிக்கல். நம்மைப் போன்ற கரும்பழுப்புக் கண்களின் நுண்ணிய வரிகள் சாதாரண வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. அதனால் கருவி அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கிறது. வெயிலிலும் அதே ஒளி இருப்பதால் படம் கெடுகிறது. எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. காலை ஷிப்ட் நேரத்தில் ஆட்கள் கண் கூசி இமையைச் சுருக்க, கருவி மறுக்க, வரிசை சாலை வரை நீண்டது. கருவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே தகரம் போட்டதும் ஓரளவு சரியானது. ஆனால் மாட்டியிருந்த உயரம் ஒன்றுதான். குள்ளமானவர்கள் எக்கவேண்டும், உயரமானவர்கள் குனியவேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது வேறு. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு அக்கா, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நீர் வழிய வழிய அந்தச் சிறு கண்ணாடித் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொருந்தவில்லை" என்றே வந்தது. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தாலும், வயதில் இமை தொங்கினாலும் இதே கதிதான். அவர் வேலை செய்த நாளுக்கு மென்பொருள் 'வரவில்லை' என்று போட்டது. அந்தக் கூலியை மீட்டுத் தர, சூப்பர்வைசர் கையெழுத்தோடு கணக்குப் பிரிவில் நான் வாதாட வேண்டியிருந்தது. உழைத்தவர் தான் வந்ததை நிரூபிக்க இப்படி அலைவது எந்த வகையிலும் நியாயமில்லை. அதன் பிறகு அடையாள அட்டையும் கையெழுத்துப் பதிவேடும் நிரந்தர மாற்று வழி என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கினேன்.

அடுத்த சண்டை கருவி விற்றவர்களோடு. கருவிழித் தரவு அவர்களுடைய சர்வருக்கும் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மாற்ற முடியாது. 2017இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு, ஒரு கண்ணின் புகைப்படத்தை அச்சடித்து, அதன்மேல் கான்டாக்ட் லென்ஸை வைத்தே சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனின் கருவிழிப் பூட்டைத் திறந்து காட்டியது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துவைத்துப் பேசினோம். தரவு எங்கள் வளாகத்துக்குள் மட்டுமே இருக்கும், வேலையை விட்டவரின் பதிவு அழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டையும் கேளுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.