30 சிட்டிங் எச்பிஓடி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

டாக்டர் சீட்டில் "எச்பிஓடி, 30 சிட்டிங்" (அழுத்தம் கூட்டிய சேம்பர் என்ற மூடிய அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை, 30 முறை) என்று எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஒரு சிட்டிங் எவ்வளவு?" அதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "உங்கள் சேம்பர் எத்தனை ஏடிஏ வரை போகும்?" ஏடிஏ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. இதற்குச் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லத் தெரியாத இடத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் 1 ஏடிஏ. ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை வழக்கமாக 2 முதல் 3 ஏடிஏ வரை நடக்கும். ஆறாத புண்ணுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5. 2.4 ஏடிஏ என்பது மெரினாவிலிருந்து படகில் போய்க் கடலில் 14 மீட்டர் ஆழம் இறங்கினால் உடம்பு உணரும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது அது ஹீமோகுளோபினில் ஒட்டுவது மட்டுமல்லாமல் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் நேராகக் கரைகிறது. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லி. 3 ஏடிஏ-வில் 6 மில்லியை எட்டும். சிவப்பணு நுழைய முடியாத நசுங்கிய நுண்குழாய்ப் பக்கமும் ஆக்சிஜன் போய்ச் சேருவது இதனால்தான்.

வெல்னஸ் சென்டர்களில் ஜிப் போட்டு மூடும், பலூன் போல உப்பும் பை ஒன்று இருக்கும். "மைல்டு ஹைப்பர்பேரிக்" என்பார்கள். அது 1.3 ஏடிஏ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதை 1.3-ஆல் பெருக்கினால் சுமார் 27. வார்டில் மூக்கில் மாட்டும் சாதாரண பிளாஸ்டிக் மாஸ்க்கே 40 சதவீதம் கொடுத்துவிடும். பைக்குள் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் டியூப் விட்டால் கொஞ்சம் கூடும், ஆனாலும் கால் புண்ணுக்கான சிகிச்சை அழுத்தத்தை அது தொடாது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த வகைப் பைகளுக்கு அனுமதி கொடுத்தது மலையேறுபவர்களுக்கு வரும் உயர நோய்க்காக. விலை குறைவு என்று அங்கே 30 சிட்டிங் போடுவது, தண்ணீர் கலந்த மருந்தை வாங்கி முழு டோஸ் என்று எண்ணிக்கொள்வது போல.

நிஜமான சேம்பரிலும் இரண்டு வகை. மோனோபிளேஸ் என்பது ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாய். பெரும்பாலும் குழாய் முழுக்க ஆக்சிஜனை நிரப்புவார்கள். மல்டிபிளேஸ் என்பது பலர் உட்காரும் இரும்பு அறை. அறைக்குள் அழுத்தப்பட்ட காற்று, ஆக்சிஜன் வருவது மாஸ்க் அல்லது தலைக்கவசம் வழியாக, கூடவே ஓர் உதவியாளரும் இருப்பார். படுத்த இடத்தில் மூச்சு முட்டும் என்பவர்களுக்கும், உள்ளே கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளுக்கும் இரண்டாவது நல்லது. பலனில் பெரிய வேறுபாடு இல்லை.

எந்த நோய்க்கு என்பது அடுத்தது. கடலுக்கடி மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கமான யுஎச்எம்எஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உலகம் முழுக்க டாக்டர்கள் பார்ப்பது அதைத்தான். டைவர்களுக்கு வரும் டிகம்ப்ரஷன் நோய், கார்பன் மோனாக்சைடு விஷம், கேஸ் கேங்கிரீன், தசையை அரிக்கும் தொற்று, கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் தாடை எலும்பு, சிறுநீர்ப்பை பாதிப்பு, ஆறாத எலும்புத் தொற்று, ஒட்டாமல் போகும் ஸ்கின் கிராஃப்ட், திடீர்ச் செவிட்டுத்தன்மை, ஷுகர் புண்ணில் ஒரு குறிப்பிட்ட வகை ஆகியவை அதில் உண்டு. ஆட்டிசம், வயது குறைப்பு, முடி வளர்ச்சி கிடையாது. ஆட்டிசம் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று எஃப்டிஏ 2013-லேயே மக்களை எச்சரித்தது.

காது விஷயத்தில் மட்டும் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. காலையில் எழுந்ததும் ஒரு காது "அடைத்த மாதிரி" இருந்தால் அழுக்கு என்று எண்ணெய் விடாதீர்கள். அன்றே இஎன்டி டாக்டரிடம் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்க வேண்டும். திடீர்ச் செவிட்டுத்தன்மை என்று உறுதியானால் ஸ்டீராய்டோடு சேர்த்து எச்பிஓடி தொடங்க நல்ல காலம் முதல் இரண்டு வாரம். 10 முதல் 20 சிட்டிங் போதும். இன்சூரன்ஸ் பதிலுக்காக அந்த இரண்டு வாரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

சென்னையில் அதிகம் பேர் போவது ஷுகர் புண்ணுக்காக. வீணாகும் பணமும் அங்கேதான் அதிகம். அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுப்பதற்கு வைத்திருக்கும் நிபந்தனையை நாமும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: ஷுகர் புண்ணின் தீவிரத்தைச் சொல்லும் வாக்னர் அளவில் கிரேடு 3 அல்லது மேல், அதாவது சீழோ எலும்புத் தொற்றோ உள்ள ஆழமான புண், 30 நாள் முறையாக வைத்தியம் பார்த்தும் முன்னேற்றம் இல்லாத நிலை. "முறையாக" என்பதில்தான் விஷயம். செத்த சதையை வெட்டி எடுத்திருக்க வேண்டும். ஷுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும். காலில் எடை விழாதபடி காஸ்ட்டோ தனிச் செருப்போ போட்டிருக்க வேண்டும். முக்கியமாக, காலுக்கு வரும் ரத்தக்குழாய் திறந்திருக்க வேண்டும். டாப்ளர் என்ற ரத்த ஓட்டச் சோதனை பார்க்காமல் எச்பிஓடி எழுதினால் திரும்பக் கேளுங்கள். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் முதலில் ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ. கரைந்த ஆக்சிஜனும் ரத்தத்தோடுதானே போக வேண்டும்?

பலன் கிடைக்குமா என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லும் சோதனை டிசிபிஓ2. புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் சூடான ஒரு சென்சாரை ஒட்டி, தோலில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளப்பார்கள். சாதாரணக் காற்றில் 40-க்கு (எம்எம்எச்ஜி அளவில்) கீழே என்றால் அந்த இடம் ஆக்சிஜனுக்கு ஏங்குகிறது என்று பொருள். சேம்பருக்குள் அழுத்தத்தில் அளக்கும்போது 200-க்கு மேல் ஏறினால் ஆற வாய்ப்பு அதிகம். 100-ஐக்கூடத் தொடாவிட்டால் சிட்டிங் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. ஷுகர் புண் ஆய்வுகளின் முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2010-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வில் புண் ஆறுவது கூடியது. 2016-ல் கனடாவில் வந்ததில் கால் எடுக்கும் தேவை குறையவில்லை. அதனால் எல்லா ஷுகர் காலுக்கும் இது என்று விற்பவரைவிட, "உங்களுக்கு வேண்டாம்" என்று சிலரைத் திருப்பி அனுப்பும் சென்டரே மேல்.

இனி பணம். ஒரு சிட்டிங் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 சிட்டிங்குக்கு 1,20,000. இது சேம்பர் கட்டணம் மட்டும். தினமும் போய்வர ஆட்டோ 500 என்றால் 15,000. டிரெஸ்ஸிங் தனி, கூட வருபவரின் ஆறு வார லீவு தனி. முன்னதாக மார்பு எக்ஸ்ரே, இசிஜி, காது பரிசோதனையும் உண்டு. எஸ்டிமேட் கேட்கும்போது டாக்டர் கட்டணம், டிரெஸ்ஸிங், மாஸ்க் எல்லாம் உள்ளே அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். "மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்று 40 சிட்டிங் பேக்கேஜை நீட்டினால், பத்துப் பத்தாகக் கட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அல்லது, போகாத சிட்டிங்குக்குப் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். மருத்துவமனை தரும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். நாளைக்கு இன்சூரன்ஸ்காரரும் அதே கேள்வியைக் கேட்பார்.

பாலிசியின் பிடிஎஃப்-ஐத் திறந்து, ஹைப்பர்பேரிக் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். பல பாலிசிகளில் இஇசிபி, கீலேஷன் போன்ற வேறு சிகிச்சைகளோடு விலக்குப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். இருந்தால் அந்த வாக்கியத்தை முழுக்கப் படியுங்கள், விதிவிலக்கு ஏதாவது கூடவே இருக்கலாம். "மாடர்ன் ட்ரீட்மென்ட்ல வந்துரும் சார்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் கட்டாயமாக்கிய 12 நவீன சிகிச்சைகளில் ரோபோ சர்ஜரி, ஸ்டெம் செல், டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன் எல்லாம் உண்டு, எச்பிஓடி இல்லை.

விலக்கில் இல்லையென்றாலும் அடுத்த தடை காத்திருக்கும். ஒரு சிட்டிங் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலிசிக்கு 24 மணி நேர அட்மிஷன் வேண்டும், அல்லது ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்கான டே கேர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சும்மா எச்பிஓடிக்காக அட்மிட் ஆனால், "அட்மிஷன் தேவையில்லை" என்று திருப்பிவிடுவார்கள். நடைமுறையில் நிற்கும் வழி இரண்டு. ஒன்று, புண்ணைச் சுத்தம் செய்யவோ கிராஃப்ட் வைக்கவோ அட்மிட் ஆகியிருக்கும்போதே நடக்கும் சிட்டிங்குகள் அந்த பில்லிலேயே வருவது. இன்னொன்று, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற பாலிசியில் இது 60 நாள். வாரம் 5 சிட்டிங் வீதம் 30 சிட்டிங் முடிய 6 வாரம், அதாவது 42 நாள். ஆக, டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கடைசி சிட்டிங்கும் கணக்குக்குள் அடங்கும். வீட்டில் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டால் சுமார் கால்வாசிச் செலவு கைக்காசுதான்.

இதற்கெல்லாம் உயிர்நாடி டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் "எச்பிஓடி அட்வைஸ்டு" என்று இரண்டு வார்த்தை மட்டும் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைச் சரிபார்க்கும் டிபிஏ-வில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தள்ளுபடி செய்வது சுலபம். இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: வலது பாதத்தில் ஷுகர் புண், வாக்னர் 3, எக்ஸ்ரேயில் எலும்புத் தொற்று, இந்தத் தேதி முதல் 30 நாள் வழக்கமான சிகிச்சை பலிக்கவில்லை, ரத்தக்குழாய்ச் சோதனை முடிவு இது, டிசிபிஓ2 இவ்வளவு, அட்மிஷனுக்குக் காரணமான அதே நோய்க்கு 2.4 ஏடிஏ, 90 நிமிடம், 30 சிட்டிங். "அதே நோய்க்கு" என்ற சொல் முக்கியம். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு அதற்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தேதி, உள்ளே போன நேரம், அழுத்தம், கையெழுத்து உள்ள பதிவின் நகலும், வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்து எடுத்த புண்ணின் போட்டோவும் ஃபைலில் இருக்கட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், பட்டியலில் உள்ள மருத்துவமனையின் திட்ட கவுண்டரில் முன்கூட்டியே கேட்க வேண்டும். அது பேக்கேஜ் முறை, முன் அனுமதி வாங்கித்தான் தொடங்க வேண்டும். கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு ரசீதோடு போனால் திரும்பக் கிடைக்காது. எந்த இன்சூரன்ஸும் இல்லாத 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்குச் செலவழித்தால், பழைய வரி முறையில் வருமானத்திலிருந்து 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும், யுபிஐ-யிலோ கார்டிலோ கட்டுங்கள்.

சேம்பருக்குள் போகும் நாள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கக் கூடாது. தைலம், வாசலின், சென்ட், நெயில் பாலிஷ் எதுவும் ஆகாது. பாலியஸ்டர் புடவை, நைலான் உள்ளாடை வேண்டாம். சென்டர் தரும் பருத்தி உடைதான். போன், வாட்ச், காது மெஷின், லைட்டர் எல்லாம் வெளியே. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு: 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் சேம்பருக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள், யாரோ உள்ளே கொண்டுபோன, கையைச் சூடாக்கும் சிறு கருவி அதற்குக் காரணம். நுழையும்போது உங்கள் பையையும் சட்டைப்பையையும் தடவிப் பார்க்காத சென்டர் மரியாதை கொடுப்பதாக எண்ண வேண்டாம்.

புண்ணில் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு போட்டிருந்தால் முதலில் எடுத்தாக வேண்டும், அதனால் டிரெஸ்ஸிங் மாற்றும் நேரத்தைச் சிட்டிங்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் ஒரு டிரெஸ்ஸிங் செலவு மிச்சம். உள்ளே ஷுகர் இறங்கும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் போகவே கூடாது. வாசலில் குத்திப் பார்த்து 100-ஐ ஒட்டி இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள்.

அழுத்தம் ஏறும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் காதுதான் பாடுபடும், விமானம் இறங்கும்போது அடைப்பது போல. வலி வரும்வரை காத்திருக்காமல் அடைக்கத் தொடங்கியதுமே எச்சிலை விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து வாய் மூடி மெதுவாக ஊதுங்கள். பலமாக ஊதினால் உள்காது பழுதாகும். திறக்கவில்லையென்றால் கையை உயர்த்தினால் போதும், ஏற்றத்தை நிறுத்திக் கொஞ்சம் இறக்குவார்கள். கூச்சப்பட்டுப் பொறுத்துக்கொண்டவர்களுக்குத்தான் செவிப்பறையில் ரத்தம் கட்டுகிறது. சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் அந்தச் சிட்டிங்குக்குப் பணம் பிடிப்பார்களா என்பதையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். நடுவே ஐந்தைந்து நிமிடம் மாஸ்க்கை மாற்றிச் சாதாரணக் காற்று கொடுப்பார்கள். ஆக்சிஜன் மிகுந்து வலிப்பு வராமல் இருக்க அது. இருபது சிட்டிங் தாண்டினால் தூரப் பார்வை மங்கலாம், முடிந்த சில வாரங்களில் சரியாகும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி வாங்கிப் பணத்தை விடாதீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கும் நியூமோதோராக்ஸுக்குச் சிகிச்சை பெறாத நிலையில் மட்டும் கண்டிப்பாக உள்ளே போகக் கூடாது. பிளியோமைசின் போன்ற புற்றுநோய் மருந்து எடுத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்தாவது சிட்டிங் முடிந்ததும் சர்ஜனிடம் காட்டுங்கள், சேம்பர் டாக்டரிடம் மட்டும் அல்ல. புண்ணின் அடியில் சிவந்த மணல் மணலான சதை தெரிகிறதா, அளவு குறைந்திருக்கிறதா? இருபதிலும் அசையவில்லையென்றால் குழாய் அடைப்பு, எலும்புத் தொற்று இரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போது "இன்னொரு இருபது போட்டுப் பார்க்கலாம்" என்பதற்குப் பணம் எடுக்காதீர்கள்.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால், காரணமாகச் சொன்ன விதியின் எண்ணை எழுத்தில் கேளுங்கள். "நிரூபிக்கப்படாத சிகிச்சை", அதாவது எக்ஸ்க்ளூஷன் 16 என்று வந்தால், யுஎச்எம்எஸ் பட்டியலில் உங்கள் நோய் இருக்கும் பக்கத்தையும் டாக்டர் கடிதத்தையும் இணைத்து முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விலக்குப் பட்டியலில் ஹைப்பர்பேரிக் என்ற சொல் நேராகவே இருந்தால் மட்டும் அங்கே போய் நிற்பதில் பெரிய பயனில்லை.